எட்டுப் பெஞ்சுப் பார்வை

"மேல இருந்து படிங்க. கண்ணைச் சுருக்கக் கூடாது. சுருக்கினீங்கன்னா சுருக்குனு கிள்ளிருவேன்."

சொல்லிக்கொண்டே இடது கையால் ஒருவர் கண்ணைப் பொத்துவாள். வலது கையால் இன்னொருவர் காதில் கண்ணாடியை மாட்டுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அதட்டல். கண்ணாடிக் கடையில் பதினாறு வருட வேலை. தெருவுக்கே அவள் பவரக்கா. சொந்த அண்ணனும் "ஏய் பவரு" என்றுதான் கூப்பிடுவார். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றாலும், வில்லையை விரலால் தடவியே பவர் சொல்லிவிடுவாள். கால் புள்ளிக்கு மேல் பிசகாது. இதை அண்ணன் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆறு ஊருக்குள் வந்த அன்று கடை முங்கிப்போனது. பார்வை சோதிக்கும் வில்லைப் பெட்டியை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து மேட்டுத் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தாள். பாதி ஊர் ஏற்கெனவே அங்கே பாய் விரித்திருந்தது. ஓடிவந்த ஓட்டத்தில் பலர் கண்ணாடியை விட்டுவிட்டார்கள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பெரியவர் ஒருவர் அடுத்தவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னுமா கோவம் தீரல?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "உங்க மேல எனக்கென்னங்க கோவம், நீங்க யாருன்னே தெரியாதே!" என்றாள் அந்த அம்மாள்.

போதகர் அக்கம்பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். பழைய கண்ணாடிகள் பிஸ்கட் டின்களில் வந்து இறங்கின. முடிதிருத்துவோர் சங்கம் ஒரு டின், நூலகம் ஒரு டின். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றையும் அளந்து பவர் எழுதிய சீட்டை ஒட்டினாள்.

படிக்கச் சொல்லும் எழுத்து அட்டை மட்டும் வெள்ளத்தில் கூழாகியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். அன்றன்றைக்குப் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைச் செருகி வைக்கும் பலகை சுவரில் தொங்கியது. "எல்லா நம்பரும் ஒரே சைசாவுல்ல இருக்கு?" என்று அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நம்பர் சிறுசாகலேன்னா என்ன, ஆளைப் பின்னால தள்ளு."

அப்படித்தான் ஒவ்வொரு பெஞ்சாகப் பின்வாங்கும் சோதனை வந்தது. ஊரில் பார்வைக்கு அளவே பெஞ்சு என்றாகிவிட்டது. "எனக்கு ஆறு பெஞ்சு, உனக்கு?" "எட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி பத்து இருந்துச்சு."

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. முன்னால் இருப்பவர் படிக்கப் படிக்க, வரிசையில் நிற்பவர்களுக்கு எண்கள் மனப்பாடமாகிவிடும். அதனால் அண்ணன் ஸ்டூலில் ஏறி அவ்வப்போது அட்டைகளை மாற்றிப் போட்டார்.

சனிக்கிழமை பஸ் டிரைவர் வந்தார். திங்கட்கிழமை பஸ் மறுபடி ஓடப்போகிறது. அதற்கு முன் டிப்போ வாசலில் நின்று எதிர்ச்சுவர் எண்ணைப் படித்துக் காட்டவேண்டும். படிக்க முடியாதவருக்கு ஸ்டியரிங் கிடையாது, பஸ் கழுவும் வேலைதான். எட்டாவது பெஞ்சில் நின்றுகொண்டு, கண்ணாடியே இல்லாமல் கடகடவென்று ஒப்பித்தார்: "நூத்தி நாப்பத்தேழு, இருநூத்திப் பன்னெண்டு, எம்பத்தாறு."

"டிரைவரண்ணே, அது காலையில போட்ட நம்பரு."

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. "இருபத்திரெண்டு வருசம் தங்கச்சி. ஸ்டியரிங் இல்லேன்னா இந்தக் கையை எங்க வச்சுக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

அவள் கிள்ளவில்லை. எல்லா டின்னையும் தரையில் கொட்டித் தேடினாள். அவர் பவருக்கு ஒன்றே ஒன்றுதான் தேறியது. பூனைக்கண் மாதிரி மேல்நோக்கி வளைந்த ரோஸ் சட்டம், இரண்டு ஓரத்திலும் பளபளக்கும் கற்கள்.

"இதைப் போட்டா டான்ஸ் ஆடச் சொல்லுவாங்களே!"

"நீங்க ரோட்டைப் பாத்தாப் போதும். ரோடு உங்களைப் பாக்காது. போடுங்க."

போட்டார். எட்டாவது பெஞ்சு, ஒன்பதாவது பெஞ்சு, கடைசியில் வாசல் கதவு. ஓர் எண்கூடத் தப்பவில்லை. கைதட்டிய குதூகலத்தில் பலகையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அண்ணன் போட்ட எண்கள் அப்படியே தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை. ஆர்கன்காரர் பலகையில் இருந்த எண்ணை வாசித்தார். அவர் மூக்கிலும் பவரக்கா கொடுத்த கண்ணாடிதான், பிசகுமா? அது கல்யாணப் பாட்டு. முந்நூறு பேரும் உரக்கப் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் யாரோ, "பொண்ணு எங்கப்பா?" என்றதும் எல்லாத் தலையும் ரோஸ் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. டிரைவர் எழுந்து நின்று கையசைத்தார். போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

திங்கட்கிழமை காலை தேவாலயத்துக்கு எதிரே பஸ் வந்து நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ரோஸ் கற்கள் மின்னின. பவரக்கா பஸ்ஸிலிருந்து எண்ணி எட்டுப் பெஞ்சு தூரம் பின்வாங்கினாள். பையிலிருந்து பாட்டுப் பலகையின் எண் அட்டை ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்: 9.

ஹாரன் ஒலித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் உரக்க எண்ணினார்கள். சரியாக ஒன்பது.

அவள் இன்னும் ஒரு பெஞ்சு தூரம் பின்னால் போய், அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள்.