மீட்டர் பெட்டியின் மேல்

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஐந்து வீட்டுச் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து, இடுப்பில் செருகியபடி பதினோரு வருடம் நடந்தவளை அந்தக் குடியிருப்பு சாவியக்கா என்றே கூப்பிட்டது. ஒவ்வொரு சாவியின் தலையிலும் ஒரு நிற நூல். மஞ்சள் நூல் பல் டாக்டரம்மா வீடு. சிவப்பு, மேனேஜர் வீடு. வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன பிறகு திறந்து, கூட்டித் துடைத்து, பாத்திரம் கழுவி, பூட்டிவிட்டு வருவாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நாலடி நடந்தவள் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள்.

"ஒருநாள் கதவு கையோட வந்துடப் போகுதும்மா" என்று மகள் கேலி செய்வாள். "நம்ம வீட்டுக் கதவுக்கு ஒரு கம்பிக் கொக்கிதான் இருக்கு. அதையும் கொஞ்சம் இழுத்துப் பாரேன்."

"நம்ம வீட்டுக்குத் திருட வர்றவன் பாவப்பட்டு எதையாவது வச்சிட்டுத்தான் போவான்டி."

மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். விடுதியில் தங்கிப் படித்தாள். அந்தப் படிப்பு அந்தச் சாவிகளால் ஓடியது.

மேனேஜர் வீட்டுப் பாதுகாப்பைப் பார்த்தால் உள்ளே அரசாங்கக் கஜானா இருக்கிறதோ என்று தோன்றும். இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் மரக்கதவு, இரண்டிலும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டு. நாயே இல்லாத வீட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை. மேலே ஒரு கேமரா. அதற்குள் ஒரு பேட்டரியும் சிவப்பு விளக்கும் தவிர வேறு எதுவும் கிடையாது. வெளியூர் போனால் சாவியக்கா காலையிலும் மாலையிலும் வந்து விளக்கை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ரேடியோ பாட வேண்டும். வாசலில் பெரிய செருப்பு ஒன்று கிடக்க வேண்டும்.

இத்தனையையும் ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்கு மேனேஜரே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தார். காற்றில் கதவு சாத்தித் தானே பூட்டிக்கொண்டது. மனைவி ஊரில் இல்லை. சாவியக்கா வரும்வரை ஒரு மணி நேரம் மாடிப்படிக்கு அடியில் நின்றார். மறுநாளே இரண்டு கதவுக்கும் மாற்றுச் சாவி செய்து, வாசலுக்கு வெளியே தலைக்கு மேல் இருந்த மின்சார மீட்டர் பெட்டியின் மேல் போட்டுவைத்தார்.

"சார், அங்க வேணாம் சார். நீங்க கைய நீட்டி எடுக்கிறதைப் பேப்பர் போடுறவன்லேர்ந்து எல்லாரும் பாக்குறாங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ அந்தப் பெட்டி மேல துடைக்கிற துணி மட்டும் போடாதே. கரண்ட்டு."

மூன்று வருடம் அவள் துணி போடாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவர்கள் நாலு நாள் போனார்கள். மூன்றாம் நாள் காலை சாவியக்கா வந்தபோது இரண்டு கதவும் ஒருக்களித்து நின்றன. பூட்டில் ஒரு கீறல் இல்லை. பீரோ உடைந்து கிடந்தது. நிமிர்ந்து மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். விளிம்பில் எப்போதும் தலைநீட்டும் சாவி இல்லை. மேனேஜருக்குப் போன் செய்தவள் அவள்தான்.

"சார், பெட்டி மேல இருந்த சாவியக் காணோம் சார்!"

"அட கடவுளே" என்றார் அவர். அந்த விவகாரத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் காலை இன்சூரன்ஸ்காரர் வந்தார். சாவியக்கா உள்ளறையில் பீரோவின் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேசியது தெளிவாகக் கேட்டது.

"பூட்டு உடையல. சாவி எதையாவது வெளியில வச்சிருந்தீங்களா சார்? அப்படின்னா ஒண்ணும் கிடைக்காது, இப்பவே சொல்லிடறேன்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு மேனேஜரின் குரல் வந்தது. "வெளியிலயா? சேச்சே. எங்ககிட்ட ரெண்டு. வேலைக்காரிகிட்ட ஒண்ணு."

பதினோரு வருடத்தில் அவர் அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த சில்லு உள்ளங்கையில் ஏறியது. அவள் அதைப் பிடுங்கக்கூட இல்லை.

மேனேஜர் மனைவி தன் பங்குக்குக் குறி சொல்பவர் ஒருவருக்குப் போன் போட்டாள். வீட்டுக்குள் வந்துபோகும் பெண் என்று அவர் சொல்லிவிட்டாராம். வீட்டுக்குள் வந்துபோகிறவள் ஒருத்திதான் என்பதை அவரிடம் முதலில் சொன்னதே மேனேஜர் மனைவிதான். சொன்னதையே திருப்பிச் சொல்பவனை ஞானி என்று கொண்டாடும் ஊரில், கண்ணால் பார்த்ததைச் சொல்பவள் பொய்க்காரி ஆவது பெரிய அதிசயமில்லை.

அன்று மதியமே ஜீப் அனுப்பிச் சாவியக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சாவி வளையத்தை மேசைமேல் வாங்கிவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் மற்ற நாலு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கள் நூலைப் பார்த்துத் தங்கள் சாவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பல் டாக்டரம்மா மட்டும் வாசல்வரை போய், ஒரு கணம் நின்று, போய்விட்டாள். வளையத்தில் சிவப்பு மட்டும் மிஞ்சியது. களவு நடந்தது ஒரு வீட்டில். பூட்டு மாறியது ஐந்து வீட்டில். சந்தேகம் எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும். படியேறி மேலே போனதாக எந்த ஊரிலும் கேள்வியில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லி மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஏட்டு டீயை உறிஞ்சியபடி கேட்டார்.

"எவன்கிட்ட குடுத்த சாவிய? சொல்லிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்ல?"

"அய்யா, மீட்டர் பெட்டி மேல ஒரு சாவி இருந்துச்சுய்யா. நூறு தடவை சொல்லிட்டேன்."

"வீட்டுக்காரர் இல்லேங்கிறார். அவர் பொய் சொல்றார், நீ அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா?" அவர் டீ கிளாசை வைத்தார். "நர்சுக்குப் படிக்கிறாளாமே உன் மக? மதியம் அவ விடுதிக்கு வண்டியை அனுப்பப் போறோம். நல்லா யோசி."

போலீஸ் வண்டி விடுதி வாசலில் நின்றால் போதும். மகள் ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டாம். நாளை அவளை எந்த ஆஸ்பத்திரி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் விடும்? ஒன்றை ஒப்புக்கொண்டால் மகளை விட்டுவிடுவார்களா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். 'நான்தான்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தூசி நினைவுக்கு வந்தது.

உள்ளறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த எஸ்.ஐ. ஒரு பெண். சாவியக்கா எழுந்து ஓடி அந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரே ஒரு ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கம்மா! மூணு வருஷமா துடைக்காத இடம். சாவி கெடந்த இடம் மட்டும் தூசியில்லாம சாவி மாதிரியே தெரியும். அது இல்லேன்னா என்னை என்ன வேணா பண்ணுங்க!"

எஸ்.ஐ. பேனாவை மூடினாள். "இதை ஏன் நேத்தே சொல்லல?"

"நேத்து என்னைத் திருடின்னு சொன்னாங்கம்மா. எனக்கு வேற எதுவுமே காதுல விழல."

"சரி, போய்ப் பாத்துடுவோம். ஏட்டய்யா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

ஏட்டு வெளியே போனார். வண்டி கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் மரத்தடியில் கையால் வாயை மறைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வீட்டு வாசலில் ஸ்டூல் தயாராகவே நின்றது. எஸ்.ஐ. ஏறிப் பார்த்தாள். இறங்கினாள்.

"ஒண்ணுமில்லையேம்மா. பளபளன்னு இருக்கு."

சாவியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டார். மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி, "நான்தான் சொன்னேனே மேடம்" என்றார். எல்லாம் முடிந்தது. மதியம் வண்டி விடுதிக்குப் போகும்.

"நான் ஏறிப் பாக்கலாமா?" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஏறினாள். பெட்டியின் மேல் வெள்ளைக் கோடுகள் ஓடின. நடுவில் துடைத்து, ஓரத்தை விட்டிருந்தார்கள். பிழியாத துணியால் துடைத்த வேலை. ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பதினோரு வருடம் துடைத்த கைக்கு அது எழுத்து மாதிரித் தெரிந்தது.

"அம்மா, இது இப்பத் துடைச்சது. மூலையில கைய வைங்க. ஈரம் காயல."

எஸ்.ஐ. மறுபடி ஏறி விரலை வைத்தாள். விரலைப் பார்த்தாள். "யார் துடைச்சது?"

"இவதான் துடைச்சிருப்பா" என்றாள் மேனேஜர் மனைவி சட்டென்று. "இவ வேலையே அதுதானே!"

"நான் காலை ஏழு மணியிலேர்ந்து ஸ்டேஷன்ல இருக்கேம்மா" என்றாள் சாவியக்கா. "அதோட நான் துடைச்சா கோடு விழாது. பதினோரு வருஷமா உங்களுக்குத் தெரியாதா?"

"நீ எதுவும் பேசாதே" என்று மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் மேனேஜர்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? போன் வந்ததும் துடை துடைன்னு குதிச்சது நீங்கதானே!"

ஏட்டு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்.ஐ. அவரை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, நீ வீட்டுக்குப் போம்மா" என்றாள் கடைசியில்.

"போக மாட்டேன். எழுதிக் குடுங்க."

"என்னத்த?"

"நான் எடுக்கலேன்னு. என்னைக் கூப்பிடறப்ப ஊருக்கே தெரிய ஜீப்ல கூப்பிட்டீங்க. அனுப்பறப்ப மட்டும் வாயால சொன்னா எப்படிம்மா?"

எஸ்.ஐ. அவளையே பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, ஸ்டூலின் மேல் வைத்து, நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கையோடு கொண்டுவந்திருந்த சாவி வளையத்தோடு சேர்த்து நீட்டினாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"ஏதோ பதற்றத்துல நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதே. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

சாவியக்கா சிவப்பு நூலை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எட்டிச் சாவியை மீட்டர் பெட்டியின் மேல் வைத்தாள்.

"எங்க வைக்கணும்னு உங்களுக்குத் தெரியுமே சார்."

அந்தக் கெத்து படியிறங்கும்வரைதான் இருந்தது. தெருவுக்கு வந்ததும் விரல்விட்டுப் பணக்கணக்குப் போட்டாள். அந்த மாதம் மகளுக்கு என்ன சொல்வது? முதல் வீட்டில் மணியடித்தாள்; உள்ளே தொலைக்காட்சி சத்தம் குறைந்தது, கதவு திறக்கவில்லை. இரண்டாம் வீட்டில், "வேற ஆள் வச்சாச்சு" என்று ஜன்னல் சொன்னது. மூன்றாம் வீட்டில் ஆசிரியை தாளை வாங்கி, படித்து, ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி வீடு பல் டாக்டரம்மா வீடு. புதுப் பூட்டு மின்னியது. மணியடித்ததும் கதவு நாலு விரல் அளவு திறந்து, புதுச் சங்கிலியில் முட்டி நின்றது. இடுக்கில் ஒரு கண்.

"நான் எடுக்கலம்மா. எஸ்.ஐ. அம்மா எழுதிக் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாருங்க."

இடுக்கு வழியாகத் தாள் உள்ளே போனது. தாள் மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

அந்த மாதிரிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமானால் கதவை முதலில் சாத்தித்தான் ஆக வேண்டும். பூட்டுகளோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியும். ஆளை வேண்டாம் என்று அனுப்புகிறவர்களும் அப்படித்தான் சாத்துவார்கள் என்பதும் தெரியும். தாள் உள்ளே இருந்தது. சாவியக்கா கதவில் காதை வைத்து, சங்கிலி நகரும் சத்தத்துக்காக நின்றாள்.