முதலாளியின் ஆக்சிஜன் மிஷின்

கொரோனா காலத்தில் திண்டிவனத்தில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். கூடத் தங்கியிருந்த வெல்டர் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அவர் விரல் கிரீஸை டீசலில் துடைத்துவிட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் மிஷின்கள் இரண்டை மாட்டிப் பார்த்தோம். மருந்துக்கடையில் இரவல் வாங்கியது எண்பத்தாறு காட்டியது. முதலாளி மலிவாக வாங்கியது தொண்ணூற்றெட்டு.

"நம்ம மிஷின்தான் கரெக்டு. சும்மா பேஜாரு பண்ணிக்கினு! வேலையைப் பாருங்கடா" என்றார் முதலாளி.

அவர் கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையில், எங்கள் பக்கத்து மல்லாட்டையில், ஒன்றை உரிக்காமல் அவருடைய மிஷினில் வைத்தேன். அதற்கும் தொண்ணூற்றெட்டு.

"மல்லாட்டை நல்லா மூச்சு விடுது முதலாளி. அதையே வெல்டிங் பண்ணச் சொல்லுங்க."

அண்ணனை லாரியில் ஏற்றி விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். பன்னிரண்டு நாளில் பிழைத்து வந்தார். அதற்குள் எங்கள் இடத்தில் புது ஆட்கள் இருந்தார்கள். முதலாளி தன் மிஷினில் அவர்கள் விரலை வைத்துப் பார்த்துத்தான் சேர்த்தாராம்.