கண்டக்டர் வீட்டு பிரிட்ஜ்

சுப்புராயன் அண்ணன் சிதம்பரம்–கடலூர் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர். "எடுக்காதவன் நம்ம மூஞ்சிய பாக்க மாட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான்" என்பார். ரிட்டயர் ஆன பிறகு பிடிப்பதற்கு ஆள் இல்லை. வீட்டில் இருந்தது அவர் மனைவி வெண்மதி அண்ணி மட்டும்தான்.

நான் மாலதி, சிதம்பரத்தில் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பதினாறு வருடப் பழக்கம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு வந்திருந்தார். அண்ணன் பொறுப்பான ஆள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மருந்து கெட்டுவிடக் கூடாதென்று பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் தன் கையாலேயே வைப்பார். அந்தப் பிரிட்ஜ் மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. மகள் இலக்கியா பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வாங்கியது.

போன வருடம் அதில் தயிர் உறைய ஆரம்பித்தது. கீரையைத் தொட்டால் நொறுங்கியது. அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்ப வர்ற பிரிட்ஜ் எதுனா இப்படி ஐஸ் புடிக்குமா, சொல்லு?"

"ரொம்ப ஜாஸ்தியா புடிக்குதுங்க. யாரையாவது கூப்ட்டு காட்டுங்க" என்றார் அண்ணி.

"நல்லா ஓடுறதுக்கு எதுக்குடி மெக்கானிக்?"

காலையில் மருந்து பாட்டில் கல்லாக இறுகியிருக்கும். அண்ணி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருக்கி, ஊசி போட்டுக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதிலிருந்துதான் சர்க்கரை ஏறியது. முந்நூறு, நானூறு. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார், இறங்கவில்லை. மறுபடி கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை. "வீட்ல கண்டதையும் சாப்பிடுறாங்களா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அண்ணனுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. வாழைப்பழத்தைக் காலையும் மாலையும் எண்ணினார்.

"என்ன தின்ன? உண்மைய சொல்லு."

"சத்தியமா ஒண்ணும் திங்கலங்க."

நாலைந்து நாள் அண்ணி அப்படிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்பாத மனுஷன் முகத்தை எத்தனை நாள்தான் பார்ப்பது? அண்ணனுக்கு அது போதாதா. "பாத்தியா, மூஞ்சிய திருப்புறா" என்று என்னிடமே சொன்னார்.

ஒருநாள் என் வாசலுக்கே வந்துவிட்டார். "மாலதி, நீதான் அவளுக்கு இனிப்பு குடுக்குறியா?" தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். நான் ரோஷக்காரி. அன்றோடு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணி கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிட்டபோதும் "அப்புறம் வரேன் அண்ணி" என்று உள்ளே போய்விட்டேன். அவருடைய கடைசி மூன்று மாதம் பேச்சுத்துணைக்கு நான்கூட இல்லை.

காலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் அண்ணி இறந்துபோனார். காரியத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் அண்ணன் அழுதுகொண்டே ஒன்றைத்தான் சொன்னார். "நாக்க அடக்கியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா."

இரண்டு மாதம் கழித்து பிரிட்ஜ் நின்றுபோனது. சென்னையிலிருந்து இலக்கியா எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அப்பா தனியா இருக்காரு. யாராவது மெக்கானிக்க அனுப்புறீங்களா?" அவளுக்காக, கிள்ளையிலிருந்து வரும் ஜாபிர் பாயைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனேன்.

ஜாபிர் பின்பக்கம் கை வைத்தார். "கம்ப்ரஸர் கொதிக்குது சார்." மீட்டரை வைத்துப் பார்த்து, எரிந்துவிட்டது என்றார். பிறகு குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கழற்றினார். ஆஃபில் வைத்தும் மீட்டர் முள் நகர்ந்தது.

"தெர்மோஸ்டாட்ல பாயிண்ட் ஒட்டிக்கிச்சு. கட் ஆகவே இல்ல, ராத்திரி பகலா ஓடியிருக்கு. தயிர் கியிர்லாம் உறஞ்சிச்சா?"

"ஒரு வருஷமா" என்றார் அண்ணன்.

"அப்பலேர்ந்தே கோளாறுதான் சார். இத்தன வருஷ பிரிட்ஜுக்கு புது கம்ப்ரஸர் போடுறது வேஸ்ட். புதுசு வாங்கிடுங்க." ஐஸ் பெட்டிக்கு அடியில் கையை விட்டவர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். "இன்சுலினா? இங்கயா வெச்சிருந்தீங்க? எங்க உம்மாவும் போட்டுக்குறாங்க. கதவுலதான் வைக்கணும் சார். ஒரு தடவ உறஞ்சிட்டா மருந்துல சக்தி போயிடும், தூக்கிப் போட்டுடணும்னு நர்ஸ் சொல்லிச்சு. அப்புறம் போட்டாலும் சர்க்கர எறங்காது."

சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் அந்த பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டார். "தயிர் உறஞ்சப்பவே உங்கள கூப்ட்டிருந்தா?" என்று கேட்டார்.

"தெர்மோஸ்டாட்ட மாத்தியிருப்பேன் சார். அரை மணி நேர வேலை."

ஜாபிர் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போகவில்லை. திட்டித் தீர்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அண்ணி சுவருக்கு மேல் என்னைக் கூப்பிட்டது, தான் எதையும் தின்னவில்லை என்று சொல்லத்தானோ என்னவோ.

அண்ணன் என் பக்கம் போனை நீட்டினார். "இலக்கியாவுக்குப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

"என்னப்பா, ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கணுமா?"

"புதுசுதான் வாங்கணும். அது கெடக்கட்டும். அம்மா எதையும் திங்கலம்மா. அப்பாதான் மருந்த கெடுத்துட்டேன்." அவள் புரியாமல் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அழும் சத்தம் கேட்டது. போனை வைத்தார்.

"யார் யார்கிட்ட சொன்னனோ, எல்லாருக்கும் போடு மாலதி. ஒருத்தர் விடாம சொல்லணும்."

அடுத்து ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அண்ணியின் தம்பி சிலம்பரசனுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"மச்சான், ஒங்கக்கா மேல தப்பில்லடா. நாந்தான் அவள தப்பா பேசிட்டேன். அவ ஒண்ணுமே திங்கல."



"தெரியும் மாமா" என்றான் சிலம்பரசன். "அக்கா எங்கிட்ட அப்பவே சொல்லிச்சு. நாங்க எல்லாரும் நம்புனோம். நீங்கதான் நம்பலன்னு அழுதுச்சு."