ஆத்தா போகாத துட்டி

எங்கள் ஆத்தா பிசைந்து தரும் கேழ்வரகுக் களியில்கூட ஏலக்காய் மணக்கும். களியில் யாரும் ஏலக்காய் போடுவதில்லை. அது அவள் விரலின் மணம். போடி கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சரக்குக் கிட்டங்கியில், மலையிலிருந்து மூட்டையாய் இறங்கும் காயை முறத்தில் கொட்டி, வாலைக் கிள்ளி, பொக்கையைத் தள்ளி, பச்சை ஒரு பக்கம் வெளுத்தது ஒரு பக்கமாகப் பொழுது சாய்கிற வரை பொறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் அவை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்த மணம் போகாது. ஆனால் எங்கள் வீட்டில் ஏலக்காய் என்று ஒன்றே ஒன்றுகூட இருந்ததில்லை. இதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். உள்ளூர்க்காரர்களே நம்பவில்லை, அதுதான் வினையாயிற்று.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. தெருவில் போனால் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற தலைமை வாத்தியார். கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள், மலையில் கூலி வேலை செய்து தாய் படிக்க வைத்த பிள்ளை என்று சொல்லித்தான் மாலை போடுவார்கள். அது உண்மைதான். அவள் ஏன் மலைக்குப் போனாள் என்பதை மட்டும் நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

அப்பாவை மலைக் காய்ச்சல் கொண்டுபோனபோது எனக்கு நினைவு தெரியாத வயது. ஆத்தாவுக்கு ஊரில் துணை என்று இருந்தது, பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் பேச்சியம்மாள் ஒருத்திதான். சொந்தம் ஒன்றும் கிடையாது. கிட்டங்கியில் பக்கத்து முறம், அவ்வளவுதான். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் ‘மதினி’ என்றே கூப்பிட்டுக்கொண்டதால் எனக்கு அவள் அத்தையாகிவிட்டாள். இருவருக்கும் சேர்த்து வெற்றிலைக்கு ஒரே ‘சுருக்குப்பை’. பாக்கு இவள் வாங்கினால் புகையிலை அவள் வாங்குவாள். வேலை நேரத்தில் பை இரண்டு முறங்களுக்கும் நடுவில் கிடக்கும். வீட்டுக்குப் போகையில் ஆத்தாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்துக் கங்காணியிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். வெற்றிலைப் பையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதைத் துழாவுவது பெண்பிள்ளைகளுக்குச் செய்கிற அவமரியாதை என்று அந்த முரட்டுக் கங்காணிகூட நினைத்தான்.

நான் படித்தது ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். சரஸ்வதி பூசை வந்தால் பாயசத்துக்குப் பையன்கள் ஆளுக்கொரு சாமான் கொண்டுவரவேண்டும். எனக்குப் பதினொரு வயதான அந்த வருஷம், வாத்தியார் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு, நீ வெல்லம், நீ தேங்காய், நீ பாசிப்பருப்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, என் முறை வந்ததும் சிரித்தார். உனக்கென்ன, உங்கள் ஆத்தா ஏலக்காய்க் குவியலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை அள்ளிக்கொண்டு வா என்றார். கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு பெருமை. எங்கள் வீட்டில் ஏலக்காய் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆத்தாவிடம் வந்து கேட்டேன். அது நம் பொருள் இல்லை, அப்பு, என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானத்தில் அவளுக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுப்பது என் சோலி. பூசைக்கு முந்தின நாள் கலயத்தோடு போனபோது ஆத்தாவும் அத்தையும் கை கழுவத் தொட்டிப் பக்கம் எழுந்து போனார்கள். முறத்தில் கழித்து முடித்த நல்ல காய். நடுவில் பை. ஒரு கைப்பிடி அள்ளிப் பைக்குள், புகையிலைக்கு அடியில் தள்ளிச் சுருக்கை இழுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் பார்க்காத நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். என்னை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான் வாசலில் நின்றேன். ஆத்தா முந்தானையை உதறினாள், கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். கங்காணிக்கு அன்றைக்குப் பாக்கு தீர்ந்துபோயிருந்தது போலும். ஒரு பாக்கு இருந்தால் கொடு ஆத்தா என்று கையை நீட்டினான். அவள் யோசிக்காமல் சுருக்கைத் தளர்த்திப் பையை அவன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். பாக்கோடு காயும் கொட்டியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும். திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பைக்குள் போகிற இன்னொரு கை அவளுடையதுதானே. அத்தையும் ஆத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பை ஆத்தாவின் இடுப்பில் இருந்ததால் அவளை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பேச்சியம்மாளுக்கு வேலை போகவில்லை. ஆத்தாவின் சந்தேகம் முற்றிப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் பாயசம் ஏலக்காய் இல்லாமலேதான் கொதித்தது. வாத்தியார் என்னிடம் கேட்கவே இல்லை. சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் பேச்சியம்மாள் வந்தாள். அவள் தெருவில் வரும்போதே ஆத்தா கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். நான் உள்ளே சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

“மதினி, எம் பிள்ள மேல ஆணையாச் சொல்றேன், நான் எடுக்கல. கதவத் தொற.”

ஆத்தா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வடிந்தது. எனக்கும் கதவுக்கும் ஐந்தடி தூரம் இருக்கும். ஆறு வார்த்தை சொன்னால் போதும். நான் சிலேட்டில் எழுதியிருந்த கணக்கை எச்சில் தொட்டு அழித்தேன், மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே காலடிச் சத்தம் போய்விட்டது.

திருடியவள் என்று பெயர் எடுத்தவளை வேறு எந்தக் கிட்டங்கி சேர்க்கும்? என்னை வெளியூரிலிருந்த மாமன் வீட்டில் விட்டுவிட்டு, காய் பறிக்கும் ஆட்களோடு ஆத்தா மலை ஏறினாள். வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். ஏலச்செடி தரையோடு காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே நிற்கவேண்டும். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொள்வார்கள், அது தோலை அரித்துவிடும். ஊருக்கு இறங்கி வரும்போது முழங்காலுக்குக் கீழே புண் ஆறாமல் இருக்கும். ‘நீ படி, அப்பு, அது போதும்’ என்பாள். நானும் படித்தேன். வெட்கமில்லாமல் நன்றாகவே படித்தேன். பெரியகுளத்தில் பரீட்சை தேறி, உதவி வாத்தியாராகி, கல்யாணம் செய்து, சொந்த ஊருக்கே மாற்றலாகி வந்து, ஆத்தாவை மலையிலிருந்து இறக்கி வீட்டோடு வைத்துக்கொண்டேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. பொய் சொன்ன பையன்களை முட்டி போட வைத்து நான் செய்யும் பிரசங்கங்களும் ஊரில் பிரசித்தம்.

எனக்கு இருபத்தெட்டு வயதில் சிலமலையிலிருந்து ஒரு சேதி வந்தது. பேச்சியம்மாளின் ஒரே மகன் பேதியில் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்ப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைத் ‘துட்டி கேட்பது’ என்போம். பகையாளிகூடத் துட்டிக்குப் போய்விடுவான். ஆத்தா போகவில்லை. அன்று முழுவதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமோ சொல்வது போல, “பிள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணுனா, பலிச்சிருச்சு” என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போது சொன்னால் ஆத்தா தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். உண்மையில், தாங்கமாட்டேன் என்று பயந்தது நான்தான்.

நாற்பது வயதில் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. யார் யாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்று நானும் ஆத்தாவும் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். ராசிங்காபுரம், தேவாரம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்த ஆத்தா, யாரும் கேட்காமலே, சிலமலையில் அவளுக்கு மட்டும் வேண்டாம் என்றாள். இருபத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லாத ஆள். ஆத்தா ஒரு நாள்கூட மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. “எத்தன காய்டா?” என்று கேட்டாள்.

“ஒரு கைப்பிடி, ஆத்தா.”

“வண்டியக் கட்டச் சொல்லு. வெரசா.”

சிலமலையில் பேச்சியம்மாள் வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பூராவும் நரைத்துவிட்டிருந்தது. ஆத்தா வண்டியிலிருந்து இறங்கினாள். ஒரு விளக்கமும் சொல்லாமல் நேரே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓங்கி அழத் தொடங்கினாள். பேச்சியம்மாள் முதலில் திகைத்தாள். பிறகு அவளும் தலையோடு தலை சேர்த்து, அன்றுதான் பிணம் எடுத்தது போல அழுதாள். தெருவே கூடிவிட்டது. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, யாருங்க செத்துப்போனது என்று விசாரித்தார்.

அழுது ஓய்ந்து, கூட்டமும் கலைந்த பிறகுதான் ஆத்தா என்னைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். பேச்சியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பொய்ச் சத்தியம் பலிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நீ மட்டும் சொல்லியிருக்கமாட்டேன்னு நெனச்சேன், மதினி.”

“நானுந்தான் சொன்னேன், மதினி.”

நான் அத்தையின் காலில் விழுந்தேன். அவள் எழுப்பவும் இல்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

“அன்னைக்கு நீ சின்னப் பய, அத விடு. எம் மகன் போனப்ப ஒனக்கு என்ன வயசு?”

“இருபத்தெட்டு, அத்தை.”

அவள் திரும்பிப் புளியை மறுபடியும் ஆயத் தொடங்கினாள்.

அவள் கல்யாணத்துக்கு வந்தாள். பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆத்தாவோடு உட்கார்ந்து, யார் வீட்டு மருமகள் எப்படி, யாருக்குப் பல் போயிற்று என்று பொழுது போவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பாள். அடுத்த அறையில் நான் பையன்களின் விடைத்தாளைத் திருத்துகிற பாவனையில் கேட்டுக்கொண்டிருப்பேன். பரீட்சை தேறிய அன்றோ, தலைமை வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்த அன்றோ எனக்கு வராத சந்தோஷம், அந்த இரண்டு கிழவிகளும் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரிக்கும்போது வந்தது. நாற்பது வயதுக்கு மேல் நான் அறிந்த நிஜமான சந்தோஷம் அதுதான். அதை அனுபவிக்க எனக்கு என்ன யோக்கியதை என்ற கூச்சமும் கூடவே வந்தது. நாலு வருஷம் அப்படிப் போயிற்று. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதோ இருபத்தொன்பது.

போன வருஷம் ஆத்தா இறந்தபோது ஒப்பாரியை முன்னின்று சொன்னவள் பேச்சியம்மாள்தான். எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவளின் வாழ்க்கை முழுவதும் வந்துவிடும்; அவளுக்குத் தீங்கு செய்தவன் பெயரும் வரும். மகன்களும் மருமகள்களும் அதற்குப் பயந்து சுவரோரம் நிற்பார்கள். நானும் நின்றேன். கிட்டங்கி வந்தது, சாத்திய கதவு வந்தது, மலையும் அட்டையும் ஆறாத புண்ணும் வந்தன. காயை எடுத்தது யார் என்ற இடம் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

இந்த ஆடியில் அவளும் போய்விட்டாள். கிட்டங்கியை இடித்து மோட்டார் லாரி நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அந்தக் கங்காணி எப்போதோ காலமாகிவிட்டான். சிலமலையில் அன்று தெருவில் கூடியவர்கள், ஏதோ பழைய துட்டி என்று நினைத்துக் கலைந்து போனவர்கள்தான். அந்த ஒரு கைப்பிடி காயைப் பற்றித் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். நான் சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினொரு வயதிலும் நான் அப்படித்தான் நினைத்தேன்.