தொப்பூர் இறக்கத்தில் கண்ணை மூடியவர்

இண்டூர் மரியசூசை எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் சண்டை விமானம் ஓட்டியவராம். கூலிக்காரன் மகனாவது பைலட்டாவது என்று ஊர் சிரித்தது. சுதந்திர தினத்தில் கொடியேற்ற அவரை அழைக்கலாமா என்று ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை சுகுணாவுக்கும் சந்தேகம். சேலம் பேருந்தில், தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில், கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தவரைப் பார்த்ததும் அது வலுத்தது.

“சண்டை விமானம் ஓட்டுனவருக்கு இதுக்கே பயமாங்க?”

“அதை நான் ஓட்டுனேன், டீச்சர். இதை யாரோ ஓட்டறாங்க. றெக்கையில குண்டு பட்டப்ப இதைவிட நடுங்குனேன். நடுங்கிக்கிட்டேதான் திரும்பப் போய்ச் சுட்டேன்.”

புளுகுகிறவர் நடுங்கியதைச் சொல்வாரா? பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் நம்மில் யாராவது சந்தேகப்பட்டிருப்போமா? சுகுணாவுக்குத் தன்மீதே கோபம் வந்தது.

“நீங்கதாங்க கொடியேத்தணும்.”

“வர்றேனுங்க. ஆனா நடந்துதான் வருவேன்.”