சீனப் பல் வைத்தியர்

மெல்பர்ன் சைனாடவுனில் மகளுடன் காய்ந்த காளான் வாங்கிவிட்டு மூலிகைக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் ஒரு போத்தலைத் திறந்தார். பல்வலிக்கு வைக்கும் கராம்பு எண்ணெய் மணத்தது.

அப்போது திருகோணமலையில் எனக்கு ஏழு வயது. பல்வலி தாங்காமல் அழுத என்னை அப்பா சீனப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனார். அந்த ஊரிலேயே பிறந்த வைத்தியர் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கண்ணாடி அலுமாரியில் வரிசையாக இருந்த பல்செட்டுகளைக் கண்டதும் நான் கதிரையில் ஏற மறுத்துவிட்டேன்.

"அப்பா முதல்ல இருக்கிறன், பார்," என்று அவரே ஏறி அமர்ந்தார். அவருக்கும் ஒரு சூத்தைப் பல் இருந்தது. அதைப் பல மாதங்களாக வீட்டில் மறைத்திருக்கிறார்.

வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்ததும் அப்பா என் கையை இறுகப் பிடித்தார். பள்ளிக்கூடமே பயப்படும் வாத்தியார் அவர்; என் கையை விடவேயில்லை.

"கண்ணை மூடுங்கோ அப்பா, கெதியா முடிஞ்சிடும்," என்றேன். மூடிக்கொண்டார். அடுத்து நான் அழாமல் ஏறினேன்.

தெருவோரத்தில் டம்ப்ளிங் சாப்பிட்டபடி இதை மகளுக்குச் சொன்னேன்.

"சீரியஸ்லி? அம்மப்பா பயந்தவரா?"

"ஓம், நல்லாப் பயந்தவர். அம்மம்மாவுக்குச் சொல்லாத எண்டு ஐஸ்பழமும் வாங்கித் தந்தவர். இண்டைக்குத்தான் முதன்முதலாச் சொல்லுறன்."