பூ நிற்காத கூந்தல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எழுதினால் மாரியம்மனின் மகிமையைக் குறைத்துவிட்டேன் என்பார்கள். எழுதாவிட்டால் ஆளாளுக்கு ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் கதையே நிலைத்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன், அவள் சாட்சி.

எங்கள் வீடு தியாகதுருகத்துப் பக்கம். மகளைப் பெண் பார்க்க மணலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். பையனும் குடும்பமும் எங்களுக்குப் பிடித்திருந்தது. மகளுக்கும்தான். காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தவள், நான் கேட்காமலே "சரிம்மா" என்றாள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் ஆசையாகத் தடவுகிற மாதிரி மகளின் பின்னலை எடுத்து நுனிவரைக்கும் உருவிப் பார்த்தார். சவுரி வைத்திருக்கிறாளா என்று பார்க்கிறார், எனக்குத் தெரியாதா?

"சொந்த முடிதான். நீளமும் இருக்குது. ஆனா இன்னா, தென்ன நாரு மாதிரி இருக்குதே" என்றார்.

அவர் வீட்டிலும் கட்டிக்கொடுக்கிற வயசில் ஒரு பெண் இருந்தாள், பையனுக்கு முறைப்பெண். அதையும் சொல்லிவிட்டால்தான் உங்களுக்குப் புரியும்.

முடி நாராகத்தான் இருந்தது. படிக்கும்போது தங்கியிருந்த ஹாஸ்டலின் உப்புத் தண்ணி செய்த வேலை. இடுப்புக்குக் கீழே தொங்கும், ஆனால் சீப்பு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் அந்த நாரைப் பட்டாக்கிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். பக்தி உள்ளவள் சபதம் போடலாமா? அதனால் வேண்டுதல் என்று பெயரை மாற்றிக்கொண்டேன்.

என் நாத்தனார் கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். போய்ச் சொன்னதும் ஒரு டப்பா கிரீமை எடுத்துக் கொடுத்தாள்.

"அண்ணி, நல்லாக் கேட்டுக்குங்க. தலைக்குக் குளிச்சி, ஈரத்தைத் துணியில ஒத்தி எடுத்துட்டு, பாதி முடியிலருந்து நுனி வரைக்கும்தான் இதைத் தடவணும். வேர்ல படக் கூடாது. வெந்நீர்ல நனைச்ச டவலைப் பிழிஞ்சி தலையில சுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சி, வழவழப்பு போற வரைக்கும் அலசணும்."

"கொஞ்சம் ஜாஸ்தியா போட்டா?"

"ஜாஸ்தி போட இது இன்னா, கோயில் அபிஷேகமா?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததுதான் வினை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கல்லில் செய்த அம்மனே அபிஷேகம் முடிந்ததும் அப்படி மின்னுகிறாள். ரத்தமும் சதையுமாக இருக்கிற என் பெண் மின்னமாட்டாளா?

வியாழக்கிழமை காலையில் கொல்லைப்புறம் முக்காலி போட்டு மகளை உட்காரவைத்தேன். கோயிலில் எந்த வரிசையோ கிட்டத்தட்ட அந்த வரிசைதான். முதலில் நல்லெண்ணெய். அப்புறம் பால், தேங்காய்ப் பால். தயிர், அதில் ஊறவைத்து அரைத்த வெந்தயம். வெள்ளிமலையிலிருந்து வந்த தேன். இளநீர். மஞ்சளையும் விபூதியையும் மட்டும் விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. கடைசியில் சந்தனக் காப்புக்குப் பதிலாக நாத்தனாரின் கிரீம், டப்பா காலியாகிற வரைக்கும்.

"அம்மா, பார்லர் அத்தை வேர்ல போடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"தலையை விட்டுட்டு முழங்காலுக்கு மட்டும் யாராச்சும் பால் ஊத்துவாங்களாடி?"

"நான் இன்னா செலையா?"

"செலையா இருந்தா பேசாம உக்காந்துக்கினு இருப்ப. தலையைக் குனி."

இவ்வளவு நல்ல பொருளைப் போட்டுவிட்டு, போர் தண்ணியில் அலசிச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. தீர்த்தம் தெளிக்கிற மாதிரி ரெண்டு சொம்பு ஊற்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால் கூந்தல் கரும்பட்டு. உச்சியில் சீப்பை வைத்தால் அது தானாக இறங்கி வந்து கீழே விழுந்தது. எனக்கு அது எச்சரிக்கையாகத் தோன்றவில்லை. அருள் என்று தோன்றியது.

வந்தார்கள். மகளை மணையில் உட்காரவைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா குங்குமம் வைத்து, கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை மகள் தலையில் செருகிவிட்டுக் கையை எடுத்தார். சரம் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி செருகினார். மறுபடி விழுந்தது.

"அண்ணி, போதும் நிறுத்துங்க" என்றார் அத்தை. "பூ வைக்கும்போதே பூ விழுது. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்?"

மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்கள் ஊர்க் கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர். "எந்தப் பக்கம் விழுந்துச்சி?" என்றார்.

"எந்தப் பக்கம் விழுந்தா இன்னா? விழுந்தது விழுந்ததுதான்."

"விவரமா பேசும்மா. அம்மன்கிட்ட பூ கேக்கறோம், வலப்பக்கம் விழுந்தா உத்தரவுன்றோம். இதுவும் வலப்பக்கம்தான் விழுந்துது. உத்தரவு!"

"அது அம்மன் தலை. இது பொண்ணு தலை."

"வர்ற மருமவளை மகாலட்சுமின்னு சொல்லித்தான கூட்டிக்கினு போறீங்க? அப்புறம் இன்னா அந்தத் தலை இந்தத் தலைன்னு?"

என் வீட்டுக்காரர் அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். மகளின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவள் வாழ்க்கை வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஆடிக்கொண்டிருக்க, காரணம் தெரிந்த நான் மரம் மாதிரி நிற்கிறேன். சொன்னால் பெண்ணைப் பூசி மெழுகிக் காட்டினார்கள் என்று பேச்சு வரும். சொல்லாவிட்டால் ராசியில்லாதவள் என்ற பேர் அவளுக்கு நிற்கும்.

"அது கிரீமுங்க" என்றேன். "சகுனம் இல்லீங்க. நான்தான் ஜாஸ்தியா பூசிட்டேன். சரியா அலசல."

யாரும் காதில் வாங்கவில்லை. பெரியப்பாவுக்கு உத்தரவு வேண்டும், அத்தைக்கு அபசகுனம் வேண்டும். கிரீம் யாருக்கு வேண்டும்?

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் கேட்டது. பின்னலை எடுத்து விரலால் தடவினார். மோந்து பார்த்தார். "தேன் வேற போட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"எங்கம்மா போட்டாங்க. அபிஷேகம் மாதிரி எல்லாத்தையும் ஊத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு மகள் அழுதாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வூட்டு ஆளு நாருன்னு சொன்னதுக்கா இவ்ளோ பாடு?"

அவர் தன் கொண்டையிலிருந்து ரெண்டு ஊசியை உருவினார். கொண்டை அவிழ்ந்து முதுகில் சரிந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. சரத்தை மகள் தலையில் வைத்து, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குத்தினார். இழுத்தும் பார்த்தார்.

"நின்னுடுச்சி. தட்டை மாத்துங்க" என்றார்.

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? தட்டு மாற்றினோம், கல்யாணமும் நடந்தது. மாமியாரும் மருமகளும் இப்போது பாதி முடியிலிருந்து நுனி வரைக்கும் மட்டும் கிரீம் தடவி, நன்றாக அலசிக்கொள்கிறார்களாம். ஆனால் பெரியப்பா சொல்லிச் சொல்லி, பூ தானாகப் பறந்துபோய் மாப்பிள்ளை மடியில் விழுந்தது என்று கதை வளர்ந்துவிட்டது. போன மாசம் ஒரு குடும்பம் தங்கள் பையன் கல்யாணத்துக்குப் பூ கேட்க வேண்டும் என்று என் மகள் முன்னால் வந்து கைகூப்பி நின்றதாம். அவள் போனில் சொன்னபோது எனக்குப் பயமாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மன் அன்றைக்கு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தாள். தன் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு என் பெண் தலையில் ஊசி குத்தினாளே, அவளை வேறு யார் என்று சொல்வேன்? இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், பார்லரில், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். பூவைப் பறக்க விடாதீர்கள், கிரீமை மறைக்காதீர்கள், அத்தையை ரொம்பக் கெட்டவராக்காதீர்கள். நடந்தது இவ்வளவுதான், இவ்வளவாகவே சொல்லுங்கள்.